ஒளித்துகளை எண்ணும் நுண்கம்பி

நமது கல்லூரிகளிற் பௌதிகம் போதிக்கும் முறையில் ஒரு குறை உளதென்பது எமது துணிபு. சில உலோகங்கள் மிகக் குளிர்ந்தவிடத்து மின்னோட்டத்தைச் சிறிதும் தடுப்பதில்லையென்று மீக்கடத்தியின் பெருமையை விரித்துரைக்கின்றோம். வெப்பமேனும் காந்தமேனும் மின்னோட்டமேனும் ஓரெல்லையைக் கடப்பின் அத்தன்மை அழியுமென்பதையோ அடிக்குறிப்பேபோல ஓரத்தில் ஒதுக்கிவிடுகின்றோம். ஒதுக்கப்பட்ட அவ்வுண்மையிலிருந்தே இந்நாளில் மிக நுண்ணிய கண்ணொன்று பிறந்திருக்கின்றது. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

ஹாலந்து தேசத்து லைடன் நகரில் காமர்லிங் ஆனஸ் என்னும் பேராசிரியர் 1908ஆம் ஆண்டில் ஹீலிய வாயுவைத் திரவமாக்கினார்; 1911ல், 4.2 கெல்வின் அளவிற்குக் குளிர்ந்த பாதரசத்தின் மின்தடை அறவே மறைந்தமை கண்டார். தடையற்ற கம்பியைச் சுருட்டி மிக வலிய மின்காந்தங்களை ஆக்கலாமென அவர் கருதியது இயல்பே. ஆயின் மின்னோட்டம் மிகுந்தவிடத்தும் காந்தம் மிகுந்தவிடத்தும் கம்பி தன் தன்மையை இழந்து சாதாரண உலோகமாயிற்று. அம்மேதை விரும்பிய காந்தம் அவர் காலத்திற் கைகூடவில்லை. வாழ்நாளெல்லாம் தேடிய பொருள் கையிற் கிட்டியும் பயன்கொள்ளவொட்டாது நழுவுவதினும் வருத்தந்தருவது யாதுளது?

நிற்க, அந்நழுவலே கருவியானவாறு கூறுவாம். நியோபியம் நைட்ரைடு என்னும் பொருளை ஏறக்குறைய 5 நானோமீட்டர் கனமுள்ள படலமாகப் படியச்செய்து, அதனைச் சுமார் 100 நானோமீட்டர் அகலமுள்ள கம்பியாக அறுக்கின்றனர். அகலத்தில் அது தலைமயிரில் ஆயிரத்திலொரு பங்கேயாம். கனமோ அதனினும் மிகக் குறைவு. ஒளி தப்பிச் செல்லாவண்ணம் அக்கம்பி ஒரு சிறு சதுரத்துள் முன்னும் பின்னுமாக மடிந்து மடிந்து செல்லும், ஏர் உழுத சால்போல. இதனை மீக்கடத்தியாகும்வரை குளிர்வித்து, அழிவெல்லைக்குச் சற்றே குறைந்த மின்னோட்டத்தை அதன்வழிச் செலுத்துவர். இன்னுஞ் சிறிது மிகுந்தால் முறியும் என்னும் நிலையிலேயே கம்பி வைக்கப்படுகின்றது என்க.

அந்நிலையில் ஒரேயொரு ஒளித்துகள் வந்து படுகின்றது. அதன் ஆற்றல் மிகவும் அற்பமே. எனினும் அது பட்ட இடத்தில் மீக்கடத்தும் தன்மை தளர்கின்றது. மின்னோட்டம் அவ்விடத்தை விலகி இருபக்கமும் நெருங்கிப் பாய, நெருக்கத்தால் அங்கும் எல்லை மீறுகின்றது. கம்பியின் அகலம் முழுவதுந் தடையுடையதாகின்றது. உடனே ஒரு மின்துடிப்பு வெளிப்படும். அதுவே ஒளித்துகள் வந்ததற்குச் சான்று. பின்னர்க் கம்பி குளிர்ந்து, ஒரு செகண்டைப் பத்துக்கோடி கூறாக்கின் அவற்றுட் சில கூறுகளுக்குள், அடுத்த துகளை எதிர்நோக்கி நிற்கும். முறியாத கம்பியாயின் இது குருடே.

இவ்வழியில் ஒற்றை ஒளித்துகளை அறியலாமென 2001ல் மாஸ்கோவைச் சேர்ந்த கோல்ட்ஸ்மனும் உடனுழைத்தோரும் காட்டினர். லைடன் கண்டுபிடிப்பிற்கும் இதற்கும் இடையே தொண்ணூறாண்டு சென்றது. 2013ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் டங்ஸ்டன் சிலிசைடுக் கம்பியால், வரும் துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்றை எண்ணும் கருவியை ஆக்கினர். அவ்வாண்டிலேயே சந்திரனைச் சுற்றிய ஒரு கலத்திலிருந்து லேசர் ஒளிவழி வந்த செய்தியை இத்தகைய கம்பிகள் பூமியிற் பெற்றன.

2023 டிசம்பரில் நிகழ்ந்தது இன்னும் வியப்பு. ஸைக்கி என்னும் விண்கலம் 3 கோடியே 10 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அனுப்பிய ஒளியைக் கலிபோர்னியாவின் பாலமர் மலைமேல் 1948ல் திறக்கப்பெற்ற பெருந்தொலைநோக்கி திரட்டித்தர, இந்நுண்கம்பிகள் துகள் துகளாக எண்ணின. வந்த செய்தியோ, ஒரு பூனை ஒளிப்பொட்டைத் துரத்தும் சலனப்படம்! இதனைக் கேட்டு நகைத்த நண்பர் சிலருளர். நகைக்கட்டும், யாமும் சிறிது நகைத்தோம். ஆயின் பத்திரிகைகள் பூனையையும் லேசரையும் பேசினவளவிற்கு அவ்வொளியைப் பெற்ற கம்பியைப் பேசாதது எமக்கு உவப்பன்று.

‘திரவ ஹீலியத்தைக் கண்ணாலுங் காணாத நமது மாணாக்கர்க்கு இதனாலென்?’ என வினவுவாருளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று, இக்கருவிக்கு வேண்டும் குளிரும் செலவும் பெரிதே. ஆயின் யாம் கேட்பது கருவியையன்று. நமது சோதனைச்சாலைகளில், எதிர்பார்த்த நேர்கோட்டில் விழாத புள்ளியை மாணாக்கர் ரப்பரால் அழிக்கின்றனர்; அழிக்காதவனுக்கு மதிப்பெண் குறைகின்றது. இவ்வழக்கத்தை வளர்த்ததில் ஆசிரியராகிய எமக்கும் பங்குண்டு. வரும் பருவத்திலிருந்து, கோட்டைவிட்டு விலகிய புள்ளியை அழியாது வைத்து அதற்குக் காரணம் ஆராய்ந்தெழுதுவார்க்குத் தனி மதிப்பெண் வழங்கவும், மீக்கடத்தியின் பாடத்தை அதன் அழிவெல்லையிலிருந்தே தொடங்கவும் எண்ணியுள்ளோம். உடன்படாத ஆசிரிய நண்பர் அடுத்த மலரில் மறுப்பெழுதுவாராக.