ஏழு நிமிஷம் யார் கணக்குல?

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி. பேர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர், நெட்வொர்க் பராமரிப்புக்கு அப்பப்போ போய் வர்றவன் நான். போன தடவை பிரிண்டர் பார்க்கப் போனேன். தையல் பிரிவுல இருக்கிற ஒரு அக்கா வந்து செல்ஃபோனை நீட்டினாங்க.

"தம்பி, இதுல எட்டு இருபத்தொம்பது. ரேகை மெஷின்ல எட்டு முப்பத்தாறு. எது சரி?"

எட்டரைக்கு ஷிஃப்ட். அஞ்சு நிமிஷம் சலுகை. அதுக்கு மேல போனா லேட். மூணு லேட்டுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. பேரணாம்பட்டு பக்கமிருந்து பஸ் பிடிச்சு வர்றவங்க. சூப்பர்வைசர் கிட்ட சொன்னதுக்கு, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா"ன்னு பதில் வந்திருக்கு.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்கறது வாஸ்தவம்தான். சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்லும். அதுக்கு யார் நேரம் சொல்லிக்கொடுக்கிறாங்கன்னு பார்த்தேன்.

இந்த மாதிரி பிரச்னையை மேலிருந்து கீழே பார்க்கணும்னு நினைப்போம். எனக்கு எப்பவும் கீழேர்ந்து போறதுதான் சுலபம். ரேகை மெஷின் தினம் ராத்திரி ஆபீஸ் கம்ப்யூட்டர்கிட்ட நேரம் வாங்கிக்குது. ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர்கிட்ட வாங்குது. சர்வர்? அதுக்கு நேரம் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா, "லோக்கல் சிமாஸ் க்ளாக்"னு சொல்லுது. அதாவது, தன் கடிகாரத்தைத் தானே பார்த்துக்குது!

எட்டு மாசம் முன்னாடி புது ஃபயர்வால் போட்டிருக்காங்க. வெளியே போய் நேரம் கேக்கற என்டிபி, யூடிபி 123ங்கிற வாசல் வழியாத்தான் போகும். அந்த வாசலைத் திறந்துவிட மறந்துட்டாங்க. அன்னையிலேர்ந்து சர்வர் அநாதை.

சாதாரண கம்ப்யூட்டர் கடிகாரத்துல பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகு சகஜம். நாளைக்கு ஏறக்குறைய ஒண்ணே முக்கால் நொடி. ஒண்ணுமே இல்ல, இல்லியா? எட்டு மாசத்துக்கு 240 நாள். பெருக்கிப் பாருங்க, சரியா ஏழு நிமிஷம்.

அப்போ எந்த எச்சரிக்கையும் வரலியான்னு கேப்பீங்க. விண்டோஸ் நெட்வொர்க்ல ரெண்டு மெஷினுக்கு நடுவுல அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் வந்தா கெர்பரோஸ் உள்ளே விடாது. ஆனா இங்கே எல்லா மெஷினும் ஒரே தப்பான சர்வரைப் பார்த்து ஒத்துமையா தப்பு பண்ணிட்டிருந்துச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டா அது சரின்னு ஆயிடாதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது :-)

இன்னொரு கூத்து. சாயங்காலம் சங்கு ஊதறது வாட்ச்மேன் தன் செல்ஃபோனைப் பார்த்து. அது சரியான நேரம். அதனால வெளியே போறப்ப மெஷின்ல எல்லாருக்கும் ஏழு நிமிஷம் கூடுதலா விழும். அதுக்கு யாரும் ஓவர்டைம் போடல. காலையில ஏழு நிமிஷம் தொழிலாளி கணக்குல நஷ்டம். சாயங்கால ஏழு நிமிஷம் யார் கணக்குலயும் இல்ல.

ரிப்பேர் சுலபம். ஃபயர்வால்ல வாசலைத் திறந்து, டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்து நேர சர்வரைக் காட்டினேன். ஒரே எச்சரிக்கை: நேரத்தைப் பின்னாடி தள்ளறதை ஷிஃப்ட் நடக்கும்போது பண்ணாதீங்க. ஒரே ஆள் வர்றதுக்கு முன்னாடியே போன மாதிரி பதிவாகும். ஞாயித்துக்கிழமை பண்ணுங்க.

கஷ்டம் அதுக்கப்புறம்தான். பழைய லேட்டை எல்லாம் திருத்தணும்னு சொன்னேன். "அதான் சரி பண்ணியாச்சே, முடிஞ்சுபோனதை ஏன் கிளர்றீங்க"ன்னாங்க.

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. ஏன்னா இதைக் கணக்கு போட முடியும். பிசகு ஏறக்குறைய ஒரே சீரா வளர்ந்திருக்கு. மூணாம் மாசம் ரெண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, ஆறாம் மாசம் அஞ்சேகால். அதாவது ஆறாம் மாசத்துக்கப்புறம் டாண்ணு எட்டரைக்கு வந்தவங்களும் லேட். ஃபயர்வால் போட்ட தேதி தெரியும், பஞ்ச் போட்ட நேரம் தெரியும். ஒரு எக்செல் ஷீட் போதும். அரை நிமிஷம் சந்தேகம் வந்தா அதைத் தொழிலாளி பக்கம் விடுங்க. போட்டுக் கொடுத்தேன். கடைசி ரெண்டு மாசத்தைத் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க. மீதி "பார்க்கலாம்"ல நிக்குது.

நேரம் சொல்றது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. 1856ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் வந்துச்சு. பின்னாடி நாட்டோட ரயில்வேக்கே மெட்ராஸ் நேரம்தான். நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்துலேர்ந்து தந்தி வழியா நேரம் போகும். அந்தக் காலத்து என்டிபி! 1906 ஜனவரி 1லேர்ந்து இந்திய நேரம் வந்தப்ப மெட்ராஸ் நேரம் அதைவிட ஏறக்குறைய ஒம்பது நிமிஷம் பின்னாடி. அன்னைக்கும் அது ஊரறிய சொல்லிட்டுப் பண்ணின மாத்தம். யாருக்கும் தெரியாம நகர்ந்த நேரம் இல்ல.

2022 ஏப்ரல் 28ல செர்ட்-இன் உத்தரவு போட்டுச்சு. கம்பெனிகளோட கம்ப்யூட்டர் கடிகாரமெல்லாம் என்ஐசி இல்லன்னா அந்த டெல்லி ஆய்வகத்து நேரத்தோட ஒத்துப்போகணும்னு. சைபர் குற்றத்தைக் கண்டுபிடிக்கறதுக்காக. நல்லது. ஆனா கூலியை நிமிஷத்துல வெட்டற இடத்துக்கு அது இன்னும் அவசியம்னு நான் சொல்வேன்.

என் கட்சி இவ்வளவுதான். நிமிஷத்துக்குக் காசு பிடிக்கிறவன், தன் நிமிஷம் சரியான்னு மாசம் ஒரு தடவை பார்க்கணும். ரேகை மெஷின் பக்கத்துலயே சரியான நேரம் காட்டற ஒரு சுவர்க் கடிகாரமும் மாட்டணும். ரெண்டும் ஒத்துப்போகலன்னா மெஷின் சொல்றது செல்லாது.

அந்த அக்கா போன வாரம் பார்த்தப்ப கேட்டாங்க: "மிச்ச மாசத்துக்கு எப்போ தம்பி?"

இன்னும் பதில் இல்ல. கேட்டுட்டிருக்கேன்.