தோள் மூட்டு மாற்றுச் சிகிச்சை

சென்ற மாதம் சங்கத்து அன்பர் ஒருவர் கவலையுடன் வந்தார். ஊரிலிருந்து வந்து தம்முடன் தங்கியிருக்கும் தாயாருக்குத் தலை வாரிக்கொள்ளவும் கை எழவில்லையாம். இரவில் உறக்கமும் இல்லையாம். தோள் மூட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மருத்துவர். அம்மையாரோ, "இந்த வயதில் எனக்கு எதற்கடா கத்தி? ஊருக்கே அனுப்பிவிடு" என்கிறாராம். அவ்வன்பருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

தோள் மூட்டு, பந்தும் கிண்ணமும் போன்றது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பந்து. தோள்பட்டை எலும்பின் குழி கிண்ணம். குழி ஆழமற்றது, ஆதலால் கை எத்திசையும் சுழல்கிறது. மூட்டை நிலைநிறுத்துவதில் சுற்றியுள்ள தசைநார்களுக்குப் பெரும் பங்குண்டு. குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உராயும்போது வலி மிகுகிறது.

ஆயினும், எழாத கையெல்லாம் தேய்ந்த மூட்டால் அன்று. நீரிழிவுக்காரர்களுக்கு மிகுதியாக வரும் தோள் இறுக்கம் பெரும்பாலும் பயிற்சியாலும் காலத்தாலும் தளர்ந்துவிடும்; அதற்கு மூட்டு மாற்ற வேண்டுவதில்லை. ஆகவே எக்ஸ்ரே படத்தில் கண்டது யாது என்று முதலில் கேட்டறிதல் நன்று. தேய்மானமே ஆயினும் மருந்தும் ஊசியும் பயிற்சியும் பயன் தராதபோதுதான் கத்தியை நாட வேண்டும்.

1893இல் பாரிஸ் நகரில் பெயான் என்பவர் பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட செயற்கைத் தோள் மூட்டைப் பொருத்தினார். நோய்க்கிருமித் தொற்றால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் அதனை அகற்ற நேர்ந்தது. 1950களில் நியூயார்க்கில் சார்லஸ் நீர் உலோகத் தலையைப் பொருத்தி வழிகாட்டினார். 1985இல் பிரான்சின் கிராமோன் பந்தைக் குழியின் இடத்திலும், கிண்ணத்தைக் கையெலும்பிலும் அமைத்தார். தசைநார் அறுந்தவர்க்கும் தோளின் மேற்புறத் தசை கையை உயர்த்த இம்முறை உதவுகிறது.

சிகிச்சைக்குப் பின் கை சில வாரம் துணித் தாங்கியில் இருக்கும். பயிற்சி பல மாதம் தொடரும். தொற்று, மூட்டு நழுவல், நரம்புக் காயம், நாளடைவில் தளர்ச்சி ஆகிய இடர்களும் உண்டு. வலி தணிவதே முதற்பயன். இளமைக் கை முற்றும் திரும்பாது.

"இவற்றையெல்லாம் அம்மாவிடம் சொன்னீர்களா?" என்றேன். அன்பர் தலைகுனிந்தார். மருத்துவர் இந்தியில் சொன்னதில் பாதியைத்தான் அவர் தமிழில் சொல்லியிருந்தார்.

மொழி அறியாத ஊரில் தாயின் மௌனம் சம்மதமும் அன்று. அச்சத்தால் வரும் மறுப்பு முடிவும் அன்று. முழுவதும் தமிழில் சொல்லுங்கள். தோள் அவருடையது, முடிவும் அவருடையதே.