குழந்தைகளைக் கொன்ற சீர்

குழந்தை செத்தால் நமது கிராமாந்தரங்களில் யாரும் காரணம் தேடி அலைவதில்லை. மாந்தம், தோஷம், சீர், கண்ணேறு என்று ஏதாவதொன்றைச் சொல்லி, மிச்சத்தைத் தலைவிதியின் மேல் போட்டுவிட்டு மறுவேலை பார்க்கப் போய்விடுகிறார்கள். இதனால் மந்திரிக்கிறவனுக்கு வரும்படி உண்டே தவிர, அடுத்த குழந்தைக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

தலைவிதி என்பது மெய்யானால் அது மாறக்கூடாதல்லவா? 1971ல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் மாண்டன. 2020ல் அந்தக் கணக்கு 13 ஆகிவிட்டது. பிரம்மாவுக்கு மை தீர்ந்துவிட்டதா, அல்லது கை நோவா என்று வைதீகத் தோழர்களைக் கேட்கின்றோம். கர்ப்பிணிக்குப் போட்ட தனுர்வாத ஊசியும், சுத்தமான கத்தியால் அறுத்த தொப்புள்கொடியும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், பேதிக்குக் கொடுத்த உப்பு சர்க்கரைத் தண்ணீருமே அந்த எழுத்தை அழித்தன.

இது நிற்க. ஊசிக்கும் அடங்காத சாவு ஒன்று உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்த சில நாட்களில் பெண் குழந்தைகளைக் கொன்றுவந்த சங்கதி 1986ல் பத்திரிகையில் அம்பலமாயிற்று. 1991ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், ஆறு வயது வரையில் ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் தமிழ்நாடு பூராவுக்கும் 948 இருக்க, சேலம் ஜில்லாவில் 849தான். இயற்கையில் பச்சைக் குழந்தைகளில் ஆண்தான் அதிகம் சாகும் என்பது வைத்தியர்கள் கண்ட விஷயம். அப்படியிருக்க, இங்கு மட்டும் மாந்தமும் தோஷமும் துணியை விலக்கிப் பார்த்துப் பெண்ணாய்ப் பொறுக்குவானேன்? எருக்கம்பாலும் நெல்மணியும் செய்த வேலைக்கு நோயென்று பெயர் வைத்துப் புதைத்தார்கள்.

'சீர்' என்று சொன்னவர்கள் மட்டும் ஒருவிதத்தில் உண்மையைச் சொன்னார்கள் என்போம். உடம்பில் தட்டிய சீரல்ல, இருபது வருஷம் கழித்துத் தட்டில் வைத்துக் கொடுக்கவேண்டிய சீர். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்தும் வாங்குகிறவனுக்கு வெட்கமில்லை. போதாக்குறைக்கு, 'புத்' என்ற நரகத்திலிருந்து தகப்பனைக் கரையேற்ற மகன்தான் வேண்டுமென்கிறது மனுதர்மம். கொள்ளி வைக்கப் பெண்ணுக்குக் கை முளைக்கவில்லையா?

1992ல் சர்க்கார் சேலத்தில் தொட்டில் வைத்தார்கள். அதில் பிழைத்த உயிர்கள் மட்டும் லாபமே. ஆனால் தொட்டில் வந்ததே தவிர சீர்த்தட்டு போகவில்லை. ஸ்கான் யந்திரம் பரவியதும் வயிற்றிலேயே தீர்க்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்க 1994ல் வேறொரு சட்டம் வேண்டியதாயிற்று.

விஷயம் வெளிப்பட்டால் எல்லோரும் தாயைத்தான் ஏசுவார்கள். பெற்ற மூன்றாம் நாள் எழுந்து நிற்கமுடியாத அவளுக்கு நிலமுண்டா, காசுண்டா, வீட்டில் ஒரு சொல்லுண்டா? 'மறுபடியும் பெண்ணா' என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட புருஷனை யாரும் கேட்பதில்லை.

பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929லேயே செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானித்தோம். தமிழ்நாட்டில் அது சட்டமாவதற்கு 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் நமது தோழர்களிலேயே எத்தனை பேர் அந்தப் பங்கை மகள் பேருக்குப் பத்திரம் பண்ணியிருக்கிறீர்கள் என்று கேட்டால், பலர் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.