வளர்ற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிசா?

வானொலியில் இருப்பவளுக்கு முதலீடு என்று பார்த்தால் வாய் ஒன்றுதான். கை முறிந்தாலும் நிகழ்ச்சி நடத்தலாம். கால் முறிந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடி பேசலாம். தாடை முறிந்தால் வீட்டில்தான் இருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் மலைச் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று நான் சொன்னபோது, என் தயாரிப்பாளர் முதலில் கேட்டதே, “முகத்துக்கு என்ன பாதுகாப்பு?” என்பதுதான்.

நியாயமான கேள்வி. எங்கள் குழுவில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இருக்கிறார். போன வருடம் ஓர் இறக்கத்தில் முன்சக்கரம் வேரில் மாட்டி, ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து முகம் குப்புற விழுந்தார். தலையில் சாதாரண சைக்கிள் ஹெல்மட் இருந்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் ஸ்ட்ராவில் கஞ்சியும் சூப்பும்தான். வகுப்பில் ஓயாமல் பேசுகிற மனிதர், மனைவியிடம் காகிதத்தில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்.

சைக்கிள் தலைக்கவசம் இரண்டு வகை. ஒன்று, மண்டையை மட்டும் மூடுவது. மற்றொன்று, காது, கன்னம் எல்லாவற்றையும் மூடி, வாய்க்கு முன்னால் ஒரு தாடைக் காப்போடு வருவது. அதைத்தான் ‘ஃபுல் ஃபேஸ்’ என்கிறோம். நிதானமாக ஏறி இறங்கி, வியர்க்க வியர்க்க ஒரு சுற்று வருகிறவருக்கு முதல் வகை போதும். செங்குத்தான இறக்கம், பாறை, குதிக்கும் மேடு என்று போகிறவருக்கு ஃபுல் ஃபேஸ் வேண்டும்.

என் அக்கா மகன் இரண்டாவது ரகம். நான்காம் படிவம் படிக்கிறான். அவன் போகுமிடம் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கத்திலுள்ள புக்கிட் கியாரா. ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். நம்மவர்கள் பால்மரம் வெட்டிய இடம். இப்போதும் பாதையோரத்தில் பழைய ரப்பர் மரங்கள் நிற்கின்றன. மழை பெய்துவிட்டால் அங்குள்ள வேர்களெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். ஆசிரியரின் கதையைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை. “ஃபுல் ஃபேஸ் வாங்கிக் கொடுத்துடுறேன். ஆனா நானூறு வெள்ளிக்கு மேல என்னால முடியாது,” என்றார்.

அந்த வீட்டில் மூன்று யோசனைகள் வந்தன. மூன்றையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் நடக்கும்.

முதல் யோசனை அத்தானுடையது. “என்னோட மோட்டார் ஹெல்மட் இருக்கே, அதுவும் முழு முகத்தைத்தானே மூடுது?”

மூடும், காக்கவும் செய்யும். ஆனால் முழுமுக மோட்டார் ஹெல்மட் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். மலைச் சைக்கிளுக்கான முழுமுகத் தலைக்கவசம் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே முடிந்துவிடும். இலகு ரகங்கள் 700, 800 கிராமில்கூட வருகின்றன. மோட்டாரில் எஞ்சின் நம்மை இழுத்துப் போகிறது, காற்று தானாக அடிக்கிறது. சைக்கிளில் நாம்தான் எஞ்சின். நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றோட்டமில்லாத ஒன்றரைக் கிலோவைச் சுமந்துகொண்டு மேடு ஏறினால், பாதி வழியில் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவோம். பிறகு இறங்கும்போது மறுபடி போடச் சோம்பல் வரும். வேர்த்தாலும் தலையில் வைத்திருக்க முடிகிற கவசம்தான் உதவும்.

இரண்டாவது யோசனை பையனுடையது. இணையக் கடையில் 120 வெள்ளிக்கு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். பந்தயக்காரர்கள் போடுவது போலவே இருந்தது. “சின்னம்மா, இதுல தரச் சான்று எல்லாம் இருக்கு,” என்று படத்தைக் காட்டினான்.

இந்த இடத்தில் நிறையப் பேர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. மோட்டார் ஹெல்மட் வாங்கும்போது சிரிம் முத்திரையைத் தேடிப் பழகியவர்கள் நாம். சைக்கிள் கவசத்தின் உள்ளேயும் இப்படி ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். ஐரோப்பியத் தரம் இ.என். 1078. அமெரிக்காவில் எல்லாச் சைக்கிள் கவசங்களுக்கும் உள்ள தரம் சி.பி.எஸ்.சி. இரண்டும் நல்ல தரங்கள்தாம். ஆனால் இரண்டுமே மண்டையை மூடும் பகுதியைத்தான் சோதிக்கின்றன. தாடைக் காப்பு எவ்வளவு தாங்கும் என்ற சோதனை அவற்றில் இல்லை. அதாவது, வெறும் அலங்காரத்துக்குத் தாடைக் காப்பு வைத்த கவசமும் அந்தச் சான்றை நேர்மையாகவே வாங்கிவிடலாம்.

தாடைக் காப்பையும் சேர்த்துச் சோதிக்கும் தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1952. மலையிறக்கப் பந்தயத்துக்காக அமெரிக்காவில் வகுத்தது. அந்த எழுத்துகளும் எண்ணும் உட்புற ஒட்டுத்தாளிலோ பெட்டியிலோ ஆங்கிலத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாடைக் காப்பைக் கழற்றி மாட்டக்கூடிய கவசங்களிலும் சிலவற்றுக்கு இந்தச் சான்று உண்டு, சிலவற்றுக்கு இல்லை. தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. பையன் காட்டிய 120 வெள்ளிச் சரக்கில் இ.என். 1078 மட்டும்தான் இருந்தது. முகத்துக்காக வாங்குகிற பொருளில் முகத்துக்கான சான்று இல்லை. பெரிய கம்பெனிப் பெயர் போட்டு மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வருவதையும் இதே கண்ணோடு பாருங்கள். அது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது யோசனை அக்காவுடையது. கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டார்: “வளர்ற பிள்ளை. ஒரு சைஸ் பெரிசாவே எடு. ரெண்டு வருஷத்துக்கு ஆகும்.”

பள்ளிச் சீருடை, பள்ளிக் காலணி, தீபாவளிச் சட்டை எல்லாவற்றையும் இப்படி எடுத்து வளர்ந்தவர்கள்தாம் நாமெல்லாரும். முன்பக்கம் பஞ்சு அடைத்த காலணியோடு நானும் முதலாம் ஆண்டுக்குப் போயிருக்கிறேன். ஆனால் தலைக்கவசத்தில் மட்டும் இந்தச் சிக்கனம் செல்லாது. பெரிதாக இருந்தால் விழுகிற நொடியில் அது சுழலும், மேலேறும். தாடைக் காப்பு தாடையைக் காப்பதற்குப் பதிலாக மூக்கில் இடிக்கும். வளரும் பிள்ளையானாலும் இன்றைய தலைக்குத்தான் வாங்க வேண்டும்.

அளவு எடுக்கத் தையல் டேப் போதும். புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே தொடங்கி, காதுக்கு மேலாக, பின்மண்டையில் அதிகம் துருத்தும் இடத்தைச் சுற்றிச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஒரு கம்பெனியின் ‘எம்’ இன்னொரு கம்பெனியின் ‘எல்’ ஆக இருக்கும். அதனால் எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். அதன் பிறகு கடையில் செய்ய வேண்டியவை:

போட்டதும் கன்னம் இரண்டும் லேசாகப் பிதுங்க வேண்டும். பேசினால் உட்கன்னம் பல்லில் படுகிற அளவு இறுக்கம் சரி. உள்ளே இருக்கும் பஞ்சு சில வாரங்களில் அமுங்கிக் கொடுக்கும். புதிதிலேயே சுகமாக இருந்தால், மூன்று மாதத்தில் தொளதொளப்பாகிவிடும்.

தாடைக் காப்பைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். கவசத்தோடு நெற்றித் தோலும் கன்னத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். தோல் நிற்க, கவசம் மட்டும் நகர்ந்தால் அது பெரிது.

வாரைப் பூட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் கவிழ்க்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அந்தக் கவசம் வேண்டாம். தாடைக் காப்பை முகத்தை நோக்கி அழுத்திப் பாருங்கள். மூக்கிலோ தாடையிலோ படக்கூடாது.

சைக்கிளில் குனிந்திருப்பது போல் குனிந்து, தலையைத் தூக்கி முன்னால் பாருங்கள். பின்விளிம்பு கழுத்தில் இடித்தால், இறக்கத்தில் பாதை தெரியாது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதோடு போட்டுப் பாருங்கள். கோகல்ஸ் போடுவதானால் அதையும் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள்.

கடைசியாக, கழற்றாமல் பதினைந்து நிமிடம் கடைக்குள் உலாவுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே சீரான இறுக்கம் என்றால் நல்லது. நெற்றியில் ஒரே புள்ளியிலோ இரு பொட்டிலோ வலித்தால், சைஸ் சரியாக இருந்தாலும் வடிவம் உங்கள் தலைக்கானது அல்ல. அந்த வலி பழகப் பழகப் போகாது.

வடிவம் பற்றி இன்னொரு வார்த்தை. கடைகளில் ‘ஏசியன் ஃபிட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் ரோஜர் பால் என்ற வடிவமைப்பாளர் தலைமையில் நடந்த ‘சைஸ்சைனா’ ஆய்வு, சீனர்களின் தலைகளை முப்பரிமாணத்தில் அளந்தது. மேற்கத்தியத் தலைகளைவிட அவை உருண்டையாகவும், நெற்றியும் பின்மண்டையும் தட்டையாகவும் இருப்பதைக் காட்டியது. நல்ல ஆய்வுதான். ஆனால் அளந்தது நம் எல்லார் தலையையும் அல்ல. என் தலை முன்னும் பின்னும் நீளம், பக்கவாட்டில் ஒடுக்கம். எனக்கு ஏசியன் ஃபிட் போட்டால் நெற்றி வலிக்கும், காதோரம் விரல் நுழையும். எங்கள் குழுவில் உள்ள இன்னொரு தமிழ்ப் பெண்ணுக்கு அதுவே கச்சிதமாக இருக்கிறது. ஆகவே ஒட்டுத்தாளில் உள்ள ஊரைப் பார்க்காதீர்கள்; போட்டுப் பார்த்து உங்கள் தலையைக் கேளுங்கள்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு: உச்சியில் கொண்டை போட்டால் முழுமுகத் தலைக்கவசம் ஏறாது, ஏறினாலும் உட்காராது. கழுத்தோரம் தாழ்ந்த ஒற்றைப் பின்னல்தான் சரி. ஓட்டும்போது எப்படிப் பின்னுவீர்களோ அப்படியே பின்னிக்கொண்டு கடைக்குப் போங்கள். அன்றைக்கு மட்டும் தலைக்கு எண்ணெய் வேண்டாம். வழுக்குவதால் பொருத்தம் சரியாகத் தெரியாது, கடைக்காரருக்கும் சங்கடம்.

இனி விலைக்கு வருகிறேன். 400 வெள்ளிக் கவசத்துக்கும் 1,500 வெள்ளிக் கவசத்துக்கும் என்ன வித்தியாசம்? பெரும்பாலும் எடை, காற்றுத் துளைகள், கார்பன் ஓடு, காந்தப் பூட்டு, நிறம். அடியை வாங்கிக்கொள்கிற வேலையை இரண்டிலும் பெரும்பாலும் ஒரே ரகத் தெர்மகோல் நுரைதான் செய்கிறது. ‘மிப்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. சுவீடனில் உருவானது. உள்ளே ஒரு மெல்லிய அடுக்கு, சாய்வாக அடிபடும்போது 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நழுவி, மூளைக்குப் போகும் சுழற்சியைக் குறைக்கப் பார்க்கும். காசுக்குள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாத மிப்ஸா, பொருந்துகிற சாதாரணமா என்றால், பொருந்துவதைத்தான் எடுப்பேன். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் தலைக்கவசங்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுத்து, பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. அதைப் பார்த்தால் தெரியும், விலை வரிசையும் நட்சத்திர வரிசையும் ஒன்றாக இல்லை.

அக்கா மகனுக்கு அன்று நான்கு கவசங்கள் போட்டுப் பார்த்தோம். அவன் ஆசைப்பட்ட 900 வெள்ளிக் கறுப்பு நிறம் இரண்டு பொட்டிலும் வலித்தது. ஆசையில் “வலிக்கல, வலிக்கல” என்றான். கழற்றியபோது இரண்டு பக்கமும் சிவந்த தடம். நான்காவதாகத் தவுக்கே மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். போன வருட நிறம், எலுமிச்சைப் பச்சை, யாரும் வாங்கவில்லையாம். 380 வெள்ளி. எஃப் 1952 சான்று இருந்தது. கன்னம் மட்டும் கொஞ்சம் தளர்வு. தவுக்கே பெட்டியில் கையை விட்டு, கூடவே வந்திருந்த தடித்த கன்னப் பஞ்சை எடுத்து மாற்றினார். கச்சிதமாக உட்கார்ந்தது. நிறைய மாடல்களில் இப்படி இரண்டு மூன்று தடிமனில் பஞ்சு வரும். கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

மீதி இருபது வெள்ளிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே, பராமரிப்பு பற்றி அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பலமாக ஒருமுறை அடிபட்டால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். உள்ளே அமுங்கிய நுரை மீண்டு வராது. அதே காரணத்தால் யாரோ போட்டதை இரண்டாம் கையாக வாங்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டு வைக்கக் கூடாது. கொசு மருந்தைக் கவசத்தின் மேல் படும்படி அடிக்கக் கூடாது. அதிலுள்ள டீட் சிலவகைப் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். பஞ்சைக் கழற்றி மெல்லிய சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும்.

“அப்போ, தலை வளர்ந்துட்டா?” என்று அக்கா விடவில்லை.

மெலிந்த பஞ்சு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதை மாற்றியும் இறுக்கினால், வேறு வாங்க வேண்டியதுதான். அப்போது பாதிக் காசு நான் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா அதை எழுதியே வாங்கிக்கொண்டார்.