சிறு வெளியீடுகளுக்கான பக்கவடிவமைப்பு மென்பொருள் தேர்வு: காஞ்சிபுரத்தை முன்வைத்து

காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரொன்றிலிருந்து வெளிவரத்தக்க சிறு வெளியீடுகள் பல வகையின. தலபுராண உரைகள், வைணவ உரைமரபு சார்ந்த சிற்றேடுகள், குடமுழுக்கு மலர்கள், நெசவாளர் கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கைகள், கல்லூரித் தமிழ்த்துறைகளின் கருத்தரங்கத் தொகுப்புகள் என அவை நீளும். சில நூறு படிகளே அச்சாகும் இவற்றுக்குப் பக்கவடிவமைப்பு மென்பொருளைத் தெரிவு செய்யும்போது முதலில் எழும் வினா விலை பற்றியதாகவே அமைகிறது. அவ்வினா பொருளற்றதன்று, ஆயினும் அது மூன்றாவதாகக் கேட்கப்பட வேண்டியது. பாடம் எந்தக் குறியேற்றத்தில் சேமிக்கப்படுகிறது, வெளியீட்டுக்கு வேண்டிய எழுத்துகள் யாவும் அதில் இடம்பெறுமா என்னும் இரண்டும் அதற்கு முற்பட்டவை.

அறிஞர் அண்ணா 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கிய காலத்தில் அச்சுக்கோப்பு ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கும் தொழிலாக இருந்தது. அச்சடித்து முடித்தபின் எழுத்துகள் பிரிக்கப்பட்டு அறைப்பெட்டிக்குத் திரும்பின. எஞ்சியது அச்சிட்ட தாள் மட்டுமே. அன்று எவரும் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை. கணினி அச்சுக்கோப்பு வந்தபோது, ஒருமுறை தட்டச்சு செய்த பாடம் என்றும் கைவசம் இருக்கும் என்னும் நம்பிக்கையும் உடன் வந்தது. தமிழைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்தது.

அதற்கான காரணம் நுட்பமானது. ஆனால் எளிதில் விளங்குவது. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர், பின்னர் அடோபியின் கைக்கு மாறி, 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றது. அது ஒருங்குறியை அறியாத மென்பொருள். ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களைக் கொண்டே அதில் தமிழ் அச்சாயிற்று. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, கோப்பினுள் சில ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கிறது. எழுத்துருவை நீக்கினால் தமிழும் நீங்கிவிடும். 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாகக் கிடக்கும். இத்தகைய கோப்பில் சொல் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ சொல்லடைவு ஆக்கவோ இயலாது.

வெவ்வேறு நிறுவனங்களின் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியேற்றங்களைப் பின்பற்றியமை இடரை மிகுவித்தது. 1999ஆம் ஆண்டின் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான 'டாம்', 'டாப்' தரப்பாடுகள் ஓரளவே ஒழுங்கு தந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று, டேஸ்16 குறியேற்றத்தை மாற்றாக வைத்தது. ஒருங்குறித் தமிழைச் சரியாகக் காட்டாத அச்சு மென்பொருள்கள் புழங்கிய அந்நாளில் அம்மாற்றுக்கு நியாயம் இருந்தது. இன்று ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துவடிவாக்கப் பொறிகள் விலையில்லா மென்பொருள்களிலும் இடம்பெற்றுவிட்ட நிலையில் அதன் தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

குறியேற்ற மாற்றிகள் இருக்கின்றனவே எனலாம். உள்ளன, ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் அவை இடறும் இடம் குறிப்பானது. தமிழும் ஆங்கிலமும் ஒரே குறியிடங்களைப் பகிர்ந்துகொள்வதால், எழுத்துருத் தகவலை இழந்த பாடத்தில் எது தமிழ், எது ஆங்கிலம் எனக் கருவி அறியாது. அடிக்குறிப்பில் உள்ள ஆங்கில நூற்பெயர் பொருளற்ற தமிழ் எழுத்துக் கோவையாக மாறிவிடும். 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்யும் வழக்கம் மாற்றத்துக்குப் பின்னும் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடலுக்கு மட்டும் அகப்படாது. காலும் ரகரமும் மாறிக் கிடப்பதும் இத்தகையதே.

காஞ்சிபுரத்துக்கே உரிய தேவைகள் இத்தேர்வை மேலும் கூர்மையாக்குகின்றன. தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரின் மணிப்பிரவாள நூல்களைப் பழைய அச்சு மரபின்படி பதிப்பிக்க விழைவோர்க்குக் கிரந்த எழுத்து வேண்டும். கைலாசநாதர் கோயில், வரதராசப் பெருமாள் கோயில், உத்திரமேரூர் ஆகியவற்றின் கல்வெட்டுகளை ஆராய்வோர்க்கு மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் வேண்டியிருக்கும். கிரந்தம் 2014இல் ஒருங்குறியின் 7.0 பதிப்பில் தனித்தொகுதியாக இடம்பெற்றது. தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் 2019இல் 12.0 பதிப்பில் சேர்ந்தன. இரண்டுக்கும் நோட்டோ எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பழைய எழுத்துருவைப் பற்றி நிற்கும் பதிப்பாளர் இவற்றைப் படமாக ஒட்டவோ தமிழாக்கி விட்டுவிடவோ நேர்கிறது. பின்னதைப் பதிப்புப் பிழை என்றே சொல்ல வேண்டும்.

இனி மென்பொருள்கள். அடோபி இன்டிசைன் 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பு முதலே தமிழ் ஒருங்குறியைக் கையாளுகிறது. தொழில்முறைப் பதிப்பகத்துக்கு அதைக் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் 2013க்குப் பின் அது சந்தா முறைக்கு மாறியது. ஆண்டுக்கு ஓரிரு இதழ் வெளியிடும் துறை ஆண்டு முழுவதற்கும் பணம் செலுத்த வேண்டும். சந்தா நின்றால் தன் கோப்பையே திருத்த இயலாது. அதற்கு அஞ்சி உரிமமற்ற படியைப் பயன்படுத்துவது, திருட்டுப் பாடங்களைக் கண்டிக்கும் ஆய்விதழ்களுக்குப் பொருந்துவதன்று.

விலையில்லாத ஸ்கிரைபஸ் நெடுங்காலம் தமிழுக்கு உதவவில்லை. 1.5 வரிசையில் கூட்டெழுத்து வடிவாக்கம் சேர்க்கப்பட்டு, 2024இல் வந்த 1.6 பதிப்பில் அது நிலைபெற்றது. அச்சகம் கேட்கும் நால்வண்ணப் பிரிப்பும் அதில் உண்டு. பட்டின் நிறம் பிறழாமல் தெரிய வேண்டிய அட்டைக்கும் படங்கள் மிக்க மலருக்கும் ஏற்றது. அடிக்குறிப்பு செறிந்த கட்டுரைத் தொகுப்புக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டரே எளிது. சொல்லடைவும் குறுக்குச் சுட்டும் மிகுந்த பெரும்பதிப்புக்கு ஸீலாடெக் சிறந்தது, ஒருவர் அதைக் கற்றுக்கொள்ள முன்வந்தால். தமிழின் நீண்ட சொற்களை வரியிறுதியில் பிரிக்கும் விதிகள் டெக் குடும்பத்தில் உள்ளன; அடுத்த வரி புள்ளியெழுத்தில் தொடங்காமல் இருக்க இவ்விதிகள் இன்றியமையாதன. குறைந்த விலைக்குக் கிடைக்கும் வேறு மென்பொருளை வாங்குமுன் 'கொ', 'பௌ', 'ஸ்ரீ' ஆகிய மூன்றையும் இட்டுப் பார்த்தல் நலம். கொம்பு இடம் மாறினால் விலை எவ்வளவு குறைந்திருந்தும் பயனில்லை.

அகரவரிசை குறித்து ஓர் எச்சரிக்கை. ஒருங்குறியின் குறியிட வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும் ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. தமிழ் மரபு வரிசையை அறிந்த கருவியால் அடுக்காவிட்டால் சொல்லடைவு பிழையாகவே அமையும்.

பழகிய கைகளை மாற்ற இயலாது என்பது அச்சகங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு. இதை எளிதாகத் தள்ளுதல் தகாது. தட்டச்சாளரின் விரைவே அவர்தம் வருவாய். ஆனால் என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை ஆகிய விலையில்லாக் கருவிகள் பழைய தட்டச்சு விசைப்பலகையையே வைத்துக்கொண்டு ஒருங்குறியில் எழுத உதவுகின்றன. கை மாற வேண்டியதில்லை. அச்சகத்துக்கும் பிடிஎஃப் கோப்பு போதும்; அது எந்த மென்பொருளில் உருவாயிற்று என்பது அச்சு இயந்திரத்துக்குப் பொருட்டன்று. பட்டு நெசவில் கட்டத்தாளில் வரைந்த பூவேலை துளையட்டைகளாகியபின், அதே அளவுள்ள எந்த ஜக்கார்டு பெட்டியிலும் அவ்வட்டைகள் ஓடும். பாடத்திற்கும் அத்தகைய பெயர்வுத்தன்மை வேண்டும் என்பதே இங்குக் கோரப்படுவது.

தமிழ்த்துறைகள் இதில் செய்யக்கூடியது சிறிது, ஆனால் உடனடியானது. கட்டுரைகளை ஒருங்குறியில் மட்டும் ஏற்பதோடு, அச்சான ஒவ்வோர் இதழின் பாடத்தையும் வடிவமைப்பு நீங்கிய எளிய கோப்பாக நூலகத்தில் சேர்த்து வைக்கலாம். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் கணினி எங்கேனும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அதற்குரிய எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு மாற்றிவிட வேண்டும். எழுத்துருவின் பெயர் தெரியாத கோப்பை மாற்றுவதைவிட அச்சுத்தாளைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்வது பல நேரங்களில் விரைவாக முடிந்துவிடும்.