அலைமேல் அயலார்



வீடு என்பது அசையாதது. அயலார் என்போர் எளிதில் மாறாதவர். இப்படித்தான் நாம் வாழ்ந்து பழகியிருக்கிறோம். அடுத்த வீட்டாரோடு மனத்தாங்கல் ஏற்பட்டாலும் பொழுது விடிந்தால் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்! ஆனால், வீடே மிதந்து செல்வதானால்? இன்று அருகில் இருப்பவர் நாளை பாய் விரித்துப் புறப்பட்டுவிடக் கூடியவரானால்? அங்கே அயலுறவு என்று ஒன்று நிலைக்க முடியுமா?

முடியும் என்பதற்குக் கரீபியன் கடலில் ஒரு கூட்டத்தார் சான்றாக வாழ்ந்து வருகின்றனர். ஆன்டிகுவா முதல் கிரெனடா வரை வில்லைப்போல் வளைந்து கிடக்கின்றன தீவுகள். அவற்றின் விரிகுடாக்களில் பாய்மரப் படகுகளையே வீடாக்கிக் குடியிருப்போர் பலர். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், பிரான்சு முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அலுவலிலிருந்து ஓய்வுபெற்ற கணவன் மனைவியர் மிகுதி. பள்ளிப் பருவக் குழந்தைகளுக்குப் படகிலேயே பாடம் சொல்லித்தரும் இளம் பெற்றோரும் உண்டு.

இவ்வாழ்வு நேற்றுத் தோன்றியதன்று. 1949ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வெர்னான் நிக்கல்சன் என்பவர் தம் மனைவியோடும் இரு மைந்தரோடும் ‘மாலிஹாக்’ என்னும் பாய்க்கப்பலில் ஆன்டிகுவாவின் இங்கிலீஷ் துறைமுகத்தை வந்தடைந்தார். கடற்படை 1889இல் கைவிட்டுச் சென்ற பழைய கப்பல்துறை அங்கே பாழடைந்து கிடந்தது. அக்குடும்பத்தார் அங்கேயே தங்கினர். படகில் பயணிகளை அழைத்துச் செல்லும் தொழிலைத் தொடங்கினர். கப்பல்துறையைப் புதுப்பிக்கவும் துணைநின்றனர். 1961இல் அது மீண்டும் திறக்கப்பெற்றது. 2016இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பெற்றது.

பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள படகில் இல்லறம் நடத்துவது எளிதன்று. சமையல், படுக்கை, நூல்கள், கருவிகள் யாவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். சில நூறு லிட்டர் நன்னீரைக் கொண்டு நாள்களை ஓட்ட வேண்டும். ஆகவே குளிப்பது கடல்நீரில். உடலை அலசுவதற்கு மட்டும் ஒரு செம்பு நன்னீர். வெயில் தரும் மின்சாரத்தை எண்ணி எண்ணிச் செலவிட வேண்டும். கணவன் மனைவி கோபித்துக்கொண்டு வேறோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றால், அதற்கும் அறையில்லை! பேசித் தீர்ப்பதே வழி.

இவர்களின் காலைப்பொழுது வானொலியோடு தொடங்குகிறது. நாம் கேட்கும் பாட்டு வானொலி அன்று. படகுக்குப் படகு பேசிக்கொள்ளும் சிறு கருவி. படகுகள் மிகுதியாகத் தங்கும் விரிகுடாக்களில், குறித்த நேரத்தில் ஒருவர் பொறுப்பேற்று அனைவரையும் அழைக்கிறார். வானிலை, புதிதாக வந்தோர், விடைபெறுவோர், விற்பதற்கும் கொடுப்பதற்கும் உள்ள பொருள்கள் என்று செய்திகள் தொடரும். ஆனால் இவை எல்லாவற்றிற்கும் முன்பாக ஒரு கேள்வி கேட்கப்படும்: “யாருக்கேனும் அவசர உதவி தேவையா?” கேட்டுவிட்டுச் சிறிது நேரம் மௌனம் காப்பார்கள். பதில் இல்லை என்று உறுதியான பின்னரே மற்றப் பேச்சு.

அந்திவேளையில் யாரேனும் ஒருவர் படகில் கூடுகிறார்கள். ரப்பர்த் தோணிகளில் வந்து சேரும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பதார்த்தத்தையும், தாம் குடிப்பதற்குரியதையும் உடன் கொண்டுவருவது வழக்கம். விருந்தளிப்பவரின் தண்ணீரும் பண்டங்களும் அளவுக்குட்பட்டவை என்பதை யாரும் சொல்லாமலே அறிவர். அங்கே ஒருவரை அறிமுகப்படுத்தும்போது அவர் வகித்த பதவியையோ குடும்பப் பெயரையோ யாரும் கேட்பதில்லை. இன்ன படகைச் சேர்ந்த இன்னார் என்பதே போதும். முன்னாள் நீதிபதியும் முன்னாள் தச்சரும் ஒரே பலகையில் அமர்ந்து டோமினோ ஆடுகிறார்கள்.

இந்நட்புக்கு ஓர் இலக்கணமும் உண்டு. நங்கூரமிட்ட படகு ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. காற்று மாறும்போதெல்லாம் சங்கிலியின் நீளத்திற்கேற்ப வட்டமிடும். நீரின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது பொது வழக்கம். ஆதலின் புதிதாக வருபவர் முன்பே நிற்பவர் சுழலும் வட்டத்தை மதித்து, எட்டியே நங்கூரமிட வேண்டும். மிக நெருங்கினால் இரவில் மோதல். அதே வேளையில், நள்ளிரவில் ஒருவர் நங்கூரம் நழுவினால், அயலார் விளக்கைக் காட்டிக் குரல் கொடுத்துத் தோணியில் விரைகிறார்கள். எட்ட நிற்கவும் தெரிகிறது. ஓடி வரவும் தெரிகிறது. நம் தெருக்களில் பல சண்டைகள் இவ்விரண்டில் ஒன்றை மறந்ததால் வந்தவை அல்லவா?

எனினும் குறையையும் சொல்லத்தான் வேண்டும். படகுக்காரர் படகுக்காரரோடே கூடிக் களித்து, கரையில் வாழும் தீவு மக்களைக் கடைக்காரராகவும் பழம் விற்பவராகவும் மட்டுமே அறிந்து போவதும் உண்டு. ஒருவருடைய மண்ணின் நிழலில் மாதக்கணக்கில் தங்கிவிட்டு, அவர் பெயரையும் கேளாமல் போவது நல்ல விருந்தினர்க்கு அழகாகுமா?

இந்தக் கேள்விக்குப் புயல் ஒரு சோதனை வைத்தது. சூன் முதல் நவம்பர் வரை அங்கே சூறாவளிக் காலம். அப்போது படகுகள் தெற்கே, கிரெனடாவை நாடிச் செல்வது வழக்கம். 1955இல் வீசிய ஜானட் சூறாவளிக்குப் பின் அரை நூற்றாண்டுக் காலம் பெரும் புயல் அங்கே வராததால் அதைப் பாதுகாப்பான இடம் என்று நம்பினார்கள். 2004 செப்டம்பரில் ஐவன் வந்து அந்நம்பிக்கையைச் சிதைத்தது. பின்னர் 2024 சூலை முதல் நாள், பெரில் என்னும் சூறாவளி கடுங்காற்றோடு கிரெனடாவைச் சேர்ந்த காரியாக்கு தீவின்மேல் பாய்ந்தது. அத்தீவின் டிரெல் விரிகுடாவில் உள்ள அலையாத்திக் காட்டில், மரங்களோடு கயிறு பிணைத்து அடைக்கலம் புகுந்திருந்த படகுகளுள் பல ஒன்றன்மேல் ஒன்றாக மோதிச் சிதைந்தன. கரையிலோ வீடுகளுள் பெரும்பாலானவை கூரை இழந்தன. வாழ்நாள் சேமிப்பெல்லாம் படகில் போட்டவரும், பாட்டன் கட்டிய வீட்டில் பிறந்தவரும் ஒரே நாளில் வீடற்றவராயினர்.

அப்போது நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. தென்புறம் தப்பி நின்ற படகுகள், தண்ணீர், உணவு, கூரைமேல் விரிக்கும் தார்ப்பாய் முதலியவற்றை ஏற்றிக்கொண்டு காரியாக்கு நோக்கிப் புறப்பட்டன. காலைதோறும் கேட்டுப் பழகிய அந்த முதற்கேள்வி, படகுகளின் வட்டத்தைத் தாண்டிக் கரையையும் எட்டிவிட்டது. பெயர் கேளாதிருந்தவர்கள் பெயர் கேட்டார்கள். புயலுக்குப் பின் கேட்டதைப் புயலுக்கு முன்பே கேட்டிருக்கலாம் என்று சிலர் எண்ணியிருக்கவும் கூடும்.

நாம் நிலத்தில் வாழ்கிறோம். நம் வீட்டுக்கு நங்கூரம் தேவையில்லை. ஆனால் அடுக்குமாடிகளில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் எதிர்வீட்டு முதியவர் இரவு எப்படி உறங்கினார் என்று அறியாதோர் நம்மிடையே எத்தனை பேர்! வாடகைக்கு வந்தவர்தாமே, ஆண்டு முடிந்தால் போய்விடுவார் என்று புதுக்குடித்தனக்காரரிடம் பேசாமலே இருந்துவிடுகிறோம். இரண்டு வாரம் மட்டுமே அருகில் இருக்கப்போகிறவரோடும் உணவைப் பகிர்ந்துகொள்கிறார்கள் அந்தப் படகுவாசிகள். குறுகிய காலம் என்பதே அவர்களுக்கு விரைந்து பழகுவதற்குக் காரணமாகிறது.

ஆகவே அன்பர்களே, நாளைக் காலை செய்தித்தாளைப் பிரிக்குமுன் இல்லத்தில் ஒருவரையொருவர், பின் அடுத்த வாசலில் ஒருவரை, அந்த முதற்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கேட்டபின் பதிலுக்காகச் சற்றே மௌனமாக இருக்கவும் மறவாதீர்கள்.