போனவரா, ஆக்கப்பட்டவரா?

‘டிஸ்அப்பியர்’ எண்ட இங்கிலீஸ் வினைக்குச் செயப்படுபொருள் வராது எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை. நிலா மறையும், பஸ் வளைவில மறையும். ஒருவரை இன்னொருவர் ‘டிஸ்அப்பியர்’ பண்ணினார் எண்டு எழுதினால் ரீச்சர் சிவப்புக் கோடு கீறுவா.

ஆனால் மனித உரிமை அறிக்கைகளில் இப்ப அப்படித்தான் எழுதுகிறார்கள், அகராதியிலும் ஏறிவிட்டது. ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை இருந்த இராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போனவர்களை ஸ்பானிய மொழியில் ‘டெசபரெசிடோஸ்’ என்றார்கள். அந்தச் சொல்லோடு சேர்ந்து இந்த இங்கிலீஸ் பாவனையும் பரவியது.

தமிழில் எங்களுக்கு இந்தக் கரைச்சலே இல்லை. ‘போ’, ‘ஆக்கு’ எண்டு இரண்டு வினை கைவசம் இருக்கு. காணாமல் போறதெண்டால் வீட்டுத் திறப்பும் போகும், ஆட்டுக்குட்டியும் போகும். காணாமல் ஆக்கப்பட்டவர் எண்டால் ஆக்கின ஆள் ஒருவர் இருக்க வேணும். 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியில் வந்து குந்தின அம்மாக்கள் விடாமல் சொல்லுறது இரண்டாவதைத்தான். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அலுவலகத்தின் பெயரிலோ ‘காணாமற்போன ஆட்கள்’ எண்டு கிடக்கு.

சட்டம் எழுதினவையை விடுவம். எங்கட வயதுப் பெடியள் செய்தித் தலைப்பில இடம் காணாதெண்டு ‘காணாமல் போனோர்’ எண்டு போடுறதை எங்களால் ஏற்க முடியவில்லை. மிச்சம் பிடிக்கிறது ஐந்து எழுத்து. ‘ஆக்கப்பட்டோர்’ எண்டு எழுதினாலும் ஆக்கினது ஆர் எண்டு அந்தச் சொல் சொல்லாது. ஆனால் கேட்கவாவது வைக்கும்.